மனிதக் கை படாத படங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கொக்குப் படம் மாட்டியிருக்கிறது. வெள்ளைவெளேரென்று ஓர் உண்ணிக்கொக்கு. பின்னால் கன்னங்கரேலென்று ஒரே கறுப்பு. கொக்கின் அலகு நுனியில் ஓர் ஈ சிக்கியிருக்கும். அந்த ஈயின் காலைக்கூட எண்ணலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று "அடேயப்பா!" என்பார்கள். டெல்லியில் ஏதோ ஒரு போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கிய படம். எடுத்தவர் என் வீட்டுக்காரர் சாரங்கபாணி. நான் இப்போது அதற்குத் தூசிகூடத் தட்டுவதில்லை. அந்த மனுஷனின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் ஆயிற்றே, பூசி மெழுகிச் சொல்வாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவருக்குக் கும்பகோணம். எழுபத்தொன்பதில் இங்கே அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். நான் இங்கே பக்கத்திலிருக்கும் பொல்லாரத்துக்காரி. என் தாத்தாவுக்கு அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வேலூரிலிருந்து வந்தவர். அப்புறம் எங்களில் யாரும் திரும்பிப் போகவில்லை. என் தமிழில் ஆமாவுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் தானாக வந்து விழும். கல்யாணமான புதிதில் "இது என்ன பாஷை விஜயா?" என்று கேலி செய்வார். பத்து வருஷத்தில் அவரே காய்கறிக்காரனிடம் "நக்கோ பாய்" என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

தொழிற்சாலையில் அவர் இருந்தது சோதனைப் பிரிவு. செய்து முடித்து வரும் சர்க்யூட் பலகைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எங்காவது ஈயம் சரியாக ஒட்டவில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். முப்பத்துநாலு வருஷம் இதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கண் அதே கண்தான். தோசையின் ஓரம் கருகியிருந்தால் முதலில் அதுதான் தெரியும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒருத்தரைக் கைநீட்டி அடித்தது கிடையாது. நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன்.

ரெண்டாயிரத்துப் பதிமூன்றில் ஓய்வு பெற்றார். அப்போது நாங்கள் அல்வாலில் வீடு கட்டிக் குடிவந்து பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என் சமையலறைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்துவிடுவாரே என்று நானே பயந்துகொண்டிருந்தேன். பெங்களூரில் இருக்கிற எங்கள் மகள் அனுபமா ஒரு கேமரா வாங்கி அனுப்பினாள். மாதுளைச் செடியில் வந்து உட்கார்ந்த ஒரு தேன்சிட்டை எடுத்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது பைத்தியம். அடுத்த வருஷமே என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளமுள்ள ஒரு லென்ஸ் வந்துவிட்டது. அந்த லென்ஸுக்குப் பத்தடிக்குள் இருக்கிற எதுவும் தெரியாதாம், தூரத்தில் இருப்பதுதான் தெரியுமாம். "உங்களுக்கு ஏத்த லென்ஸ்தான்" என்றேன். சிரித்தார்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஈத்தகுண்ட என்று ஒரு குட்டை இருக்கிறது. கரையில் ஈச்சமரங்கள் நின்றதால் அந்தப் பெயர். அந்தக் கரையில்தான் எங்களுக்குப் பால் ஊற்றும் நூர் முகமதுவின் எருமைக் கொட்டகை. பதினோரு எருமைகள். பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் கீழே நாலு கல்தூண், மேலே சிமெண்ட் ஷீட், சுற்றிலும் பாதி உயரத்துக்குச் சுவர், மீதிக்குக் கோணிச்சாக்கு. அனுபமா எட்டாவது படிக்கும்போதிலிருந்து அவர் பால்தான் எங்கள் வீட்டில். மழையோ, பந்த்தோ, ஊரே அடங்கிக் கிடந்த கொரோனாக் காலமோ, காலை ஆறு மணிக்கு அவர் டிவிஎஸ் வண்டி வாசலில் வந்து நின்றுவிடும்.

கேமரா வந்த புதிதில் இவர் பறவை தேடி எங்கெங்கோ அலைந்தார். ஒருநாள் பால் ஊற்றிக்கொண்டே நூர் பாய்தான் சொன்னார். அவர் பேசுவது தக்கனி உருது, நான் தமிழில் சொல்கிறேன். "சாப், ஏன் இவ்வளவு தூரம் அலையிறீங்க? நம்ம குட்டைக்கு வாங்க. கொட்டகைக்குள்ளே உட்கார்ந்துக்கோங்க. எருமையோட இருந்தா பறவைங்களுக்குப் பயம் இருக்காது."

அதோடு இவருக்குக் கொட்டகையே ஆபீஸ் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுப் பழைய பிளாஸ்டிக் நாற்காலி அங்கே போயிற்று. நூர் பாய் குட்டை பார்த்த பக்கத்துச் சாக்கில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார். காலை ஆறரைக்குப் போனால் பத்துக்குத்தான் வருவார். டீயும் பன்னும் நூர் பாய் வீட்டுச் செலவு. மீன்கொத்தி எந்தக் கம்பில் வந்து உட்காரும், இலைக்கோழி எந்தப் பக்கம் முட்டையிடும், குளிர்காலத்து வாலாட்டி எந்த வாரம் வந்து இறங்கும், எல்லாம் அவர் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். பதினோரு வருஷம் அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்து எடுத்த படங்கள் அறுபத்தோராயிரம்.

இவர் சேர்ந்திருந்த பறவைப்படக்காரர்கள் கூட்டத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் நான் சொல்லப்போவது புரியும். முதல் சட்டம், எந்த இடத்தில் எடுத்தது என்று யாருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் நாற்பது பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டைக் கலைத்துவிடுவார்களாம். படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இடக்குறிப்பைக்கூடக் கம்ப்யூட்டரில் அழித்துவிட வேண்டும். இரண்டாவது சட்டம், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப்போய், பட்டுத்துணி விரித்த மாதிரி இருக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய சட்டம். படத்தில் மனிதக் கை படக்கூடாது. கை என்றால் கை மட்டுமில்லை. கயிறு, கம்பி, சுவர், மாடு, பிளாஸ்டிக் வாளி, மனுஷன் சம்பந்தப்பட்ட எது தெரிந்தாலும் போட்டியில் தள்ளிவிடுவார்கள்.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்துக்கொண்டு அழிக்க உட்காருவார். ஓரத்தில் எருமைக் கொம்பு, அழி. நூர் பாயின் லுங்கி முனை, அழி. கொட்டகைத் தூணின் நிழல், அழி. "ச்சே, நல்ல போஸு, பாழாப் போச்சு" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். ஒருநாள்கூட எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நூர் பாயும் பழகிவிட்டார். இவர் கேமராவைத் தூக்கினால் போதும், அவர் என்ன வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டுக் குனிந்தபடி ஓரமாக ஒதுங்குவார். எருமை நடுவில் நின்றால் அதன் கயிற்றைப் பிடித்து அதையும் இழுத்துக்கொள்வார். "நான் ஹட்கிறேன் சாப், நீங்க எடுங்க." ஒதுங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஒருமுறை டீத்தூள் கொடுக்கப் போனபோது நானே பார்த்தேன். சொந்தக் கொட்டகையில் திருடன் மாதிரிப் பதுங்கிப் பதுங்கி நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மயில் உள்ளான் என்று ஒரு பறவை. அதில் ஆண்தான் அடைகாக்கும், ஆண்தான் குஞ்சு வளர்க்கும். அது கரையோரப் புல்லில் கூடு வைத்திருப்பதை நூர் பாய் கண்டுபிடித்துச் சொன்னார். எருமைகள் தண்ணீருக்கு இறங்குகிற வழி அதுதான். கால் பட்டால் முட்டை போய்விடும் என்று மூன்று வாரம் பதினோரு எருமைகளையும் கட்டிப்போட்டு, குடத்தில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினார். அவர் மனைவி என்னிடம் வந்து "அம்மா, இந்த மனுஷன் முதுகைப் பாருங்க, பறவைக்காக வளைஞ்சு போச்சு" என்று புலம்பினாள். குஞ்சு பொரித்தது, அப்பனும் நாலு குஞ்சுமாக இவர் படம் எடுத்தார். கூட்டத்தில் சால்வை போட்டார்கள். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடையில் இவர் கேமராக் கம்பெனிக்கு நன்றி சொன்னார், என் பொறுமைக்கு நன்றி சொன்னார். நூர் பாய் பேரை எடுக்கவில்லை. காரில் வரும்போது ஏன் என்று கேட்டேன். "பேரைச் சொன்னா இடம் தெரிஞ்சுடும் விஜயா" என்றார். சட்டம்!

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் குட்டையை அளக்க அரசாங்க ஆட்கள் வந்தார்கள். கரையில் இருப்பதெல்லாம் ஆக்கிரமிப்பு, காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆனால் ஒரு வழி வைத்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக அங்கே தொழில் செய்வதாக நிரூபித்தால், பக்கத்திலேயே கால்நடைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் முழுக் கொட்டகைக்கு இடம். நிரூபிக்க முடியாதவர்கள் பதினைந்தாம் தேதிக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டால், ஊருக்கு வெளியே நாலு மாடு கட்டச் சின்ன இடம். இரண்டும் இல்லையென்றால் இரண்டும் இல்லை.

நூர் பாயிடம் காகிதம் என்று என்ன இருக்கிறது? ஆதார் அட்டையில் இருப்பது பழைய அல்வாலில் குடியிருக்கும் வாடகை வீட்டு முகவரி. கரண்ட் பக்கத்துப் பட்டறையிலிருந்து இழுத்தது. அவரிடம் பல வருஷமாக இருந்தது படம் எடுக்க வராத பட்டன் போன். சவூதியில் இருக்கும் மகன் அனுப்பிய நல்ல போன் வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. மேலேயிருந்து எடுத்த சாட்டிலைட் படத்தில் பார்த்தால் தூங்குமூஞ்சி மரம் குடை விரித்து நிற்கிறது, கீழே இருக்கிற கொட்டகை தெரியவில்லை. சாட்சி சொல்ல நாலு பேர் வருகிறோம் என்றோம். "எல்லாரும் நாலு பேரைக் கூட்டிட்டு வர்றாங்க, தேதியோட போட்டோ இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பதினான்காம் தேதி காலை. பால் ஊற்றிவிட்டு நூர் பாய் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். கையில் ஒரு காகிதம். எங்கள் வார்டில் எல்லா மனுவுக்கும் ஓடுகிற மோகன் கொடுத்த சம்மதப் பத்திரம்.

"அம்மா, இதுல கையெழுத்துப் போடவா, நக்கோவா? நாலு எருமைக்குத்தான் இடம். மீதி ஏழு எருமையை வித்துடணும். ஆனா ஒண்ணுமில்லாமப் போறதுக்கு இது மேல் இல்லியா?"

உள்ளேயிருந்து இவர் வந்தார். கையில் லென்ஸ் துடைக்கும் துணி. "போட்டோதானே கேக்கறா? அறுபதாயிரம் போட்டோ இருக்கு பாய் என்கிட்ட. பதினோரு வருஷம் உங்க கொட்டகையிலயே உக்காந்து எடுத்தது. எல்லாத்திலயும் தேதி இருக்கு. நீங்க ஏன் கையெழுத்துப் போடணும்?"

நூர் பாய் இவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், எங்கள் வீட்டில் எது நடக்கும் எது நடக்காது என்று சொல்பவள் நான்தான். இருபது வருஷமாக "நாளைக்குப் பணம் தரேன்" என்று இவர் சொன்னால், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

நானும் சொன்னேன். "ஹவ் நூர் பாய். இவரு பொழுதுக்கும் அங்கதானே கெடந்தாரு. போட்டோ இல்லாம எங்க போகும்? கவலப்படாதீங்க."

நாற்பது வருஷத்தில் இந்த மனுஷன் சொன்ன எதையும் நான் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். நூர் பாய் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் மோகன் வந்து கேட்டபோது "சாப்கிட்ட படம் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பதினைந்தாம் தேதி போயிற்று.

சரி, உடனே உட்கார்ந்து தேட வேண்டாமா? அந்த வாரம்தான் வாலாட்டிகள் வந்து இறங்கியிருந்தன. மூன்று நாள் அதை எடுக்கப் போய்விட்டார். "தேடறதுக்கு என்ன விஜயா, எதைத் திறந்தாலும் இருக்கும்." பதினெட்டாம் தேதி நான் கத்திய கத்தலில்தான் மேசையில் உட்கார்ந்தார். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் எட்டாயிரம் படம் பார்த்தோம். மீன்கொத்தி, மீன்கொத்தி, மீன்கொத்தி. ஒவ்வொன்றின் கண்ணிலும் வெளிச்சப் புள்ளிகூடத் தெரிகிறது. பின்னால் பட்டுத்துணி.

"அந்தப் பச்சை என்னா?"

"ஆகாயத்தாமரை."

"ஓரத்துல அந்தப் பழுப்பு?"

கிட்டே குனிந்து பார்த்தார். "கொட்டகைச் சுவரா இருக்கலாம்."

"இருக்கலாமா? உங்களுக்கே இருக்கலாமா?"

அடுத்த படத்தைத் திறந்தார். இரண்டாம் நாள் இவருக்கே புரிந்துவிட்டது. கொட்டகை எப்படி இருக்கும் படத்தில்? இவர் உட்கார்ந்திருந்ததே அதற்குள். உள்ளே இருந்ததெல்லாம் அந்த லென்ஸின் பத்தடிக்குள். தப்பித்தவறி எதிர்க்கரைக்குப் போய் எடுத்தபோது விழுந்த தூண், சாக்கு, வாளி, மனுஷன், எல்லாவற்றையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தினம் தினம் அழித்திருக்கிறார். நான் கீரை ஆய்ந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு படம் ஞாபகம் வந்தது. கேமரா வந்த முதல் வருஷம், சின்ன லென்ஸ் இருந்தபோது, நூர் பாய் ஆசைப்பட்டு "என்னையும் ஒண்ணு எடுங்க சாப்" என்று கேட்டிருக்கிறார். கொட்டகை வாசலில், லட்டு என்று அவர் பேர் வைத்த எருமையின் கழுத்தில் கைபோட்டு நின்றார். இவர் எடுத்து வந்து வீட்டில் காட்டினார். நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். "அது எங்கங்க?"

கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார். "கார்டுல இடம் பத்தலை. அன்னிக்கு ஒரு இலைக்கோழி வந்துது."

அனுபமாவுக்குப் போன் போட்டோம். ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது மீட்க முடியுமா என்று கேட்டோம். "அப்பா, டெலீட் பண்ணி பதினோரு வருஷம் ஆச்சு. லொகேஷன் டேட்டாவாவது இருக்கா?" என்றாள். அதையும் ஒவ்வொன்றாக அழித்திருக்கிறாரே! "யூ டிட் திஸ் டு ஆல் ஆஃப் தெம்?" என்று அவள் கேட்டது ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

ஆபீசில் வைத்த விசாரணைக்கு நாங்கள் மூவரும் போனோம். நூர் பாய் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து வந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல், நன்றாக இருந்த பன்னிரண்டு படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இவர் எடுத்து வந்தார். கூடத்தில் மாட்டியிருந்த கொக்கையும் கழற்றிக்கொண்டு வந்தார். எதையாவது கொண்டுபோக வேண்டுமே.

அதிகாரி சின்ன வயசுப் பெண். மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்து "சால பாகுன்னாயி சார்" என்றாள். ரொம்ப நன்றாக இருக்கின்றன என்று மனசாரச் சொன்னாள். அப்புறம் கேட்டாள், "இதில் கொட்டகை எங்கே?"

"நான் கொட்டகைக்குள்ளதான் உக்காந்திருந்தேன் மேடம்."

"இது ஈத்தகுண்டதான் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?"

"இடக்குறிப்பை நாங்க அழிச்சுடுவோம். பறவைகளோட பாதுகாப்புக்கு."

"அப்படியென்றால் இது எங்கே வேண்டுமானாலும் எடுத்ததாக இருக்கலாமே சார்."

எனக்குப் பொறுக்கவில்லை. கொக்குப் படத்தைத் தூக்கி அவள் முன்னால் வைத்தேன். "அம்மா, இந்தக் கறுப்பு இருக்கே, இது இருட்டு இல்லை. இது எருமை. இவருடைய எருமை. பேரு லட்டு. அதோட வயித்துப் பக்கம்தான் இது" என்று தெலுங்கில் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் குபீரென்று சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அதுவரை ஓரமாக நின்ற நூர் பாய் மேசைக்கு அருகில் வந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எதையோ தேடுகிறார் என்று புரிந்தது. பன்னிரண்டும் பார்த்து முடித்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தார். மயில் உள்ளான் படத்தில் நின்றார். அப்பனும் நாலு குஞ்சும். படத்தின் விளிம்பு தாண்டி, வெறும் மேசைமேல் விரலை வைத்தார்.

"மேடம், நான் இங்கே நிக்கிறேன்" என்றார். "குடத்தோட. இந்தப் படத்துல நான் இங்கே இருக்கேன்."

அந்த அதிகாரி அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பில் ஏதோ எழுதினாள். ஆதாரம் இல்லை என்பதைத்தான் எழுதினாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு முன்னால் நாங்கள் கொண்டுபோய் வைத்தது அதைத்தான்.

வெளியே வந்ததும் இவர் நூர் பாயின் கையைப் பிடித்தார். "மன்னிச்சுடுங்க பாய்." நூர் பாய் "நக்கோ சாப், நக்கோ" என்று கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. இவரைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருக்கிறது. என்னைத் திட்ட யார் இருக்கிறார்கள்? அவர் கேட்டது என்னை, நம்பியது என் வார்த்தையை.

பத்து நாளில் இடித்தார்கள். பொக்லைன் வந்து அரைமணி நேரத்தில் கதை முடிந்தது. எட்டு எருமைகளை முன்னாலேயே விற்றாயிற்று. மீதி மூன்றும் மேட்சலில் இருக்கும் மச்சினன் வீட்டுக்குப் போகின்றன. இனி நூர் பாய் அங்கே மச்சினனுக்குக் கீழே கூலிக்குப் பால் கறக்க வேண்டும். லாரி வந்து நின்றது. நானும் இவரும் போய் நின்றோம். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி இடிபாட்டுக்கு வெளியே தனியாக வைக்கப்பட்டிருந்தது. அதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார் நூர் பாய்.

இவர் தோளில் கேமரா இருந்தது. "இதைக்கூட இன்னிக்கு விட்டுட்டு வரலியா நீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னிக்கு அவரைத்தான் எடுக்கணும் விஜயா" என்றார். "ஒண்ணாவது எடுத்துடறேன்."

நூர் பாய் இடிந்த சுவருக்கு முன்னால், லட்டுவின் கயிற்றைப் பிடித்தபடி லாரிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ரொம்பக் கிட்டே இருந்தார். இவர் அந்த நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார், இன்னும் பின்னால் போனார், பத்தடி தாண்டிப் போய் நின்றார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்.

அதைப் பார்த்ததும் நூர் பாய் சட்டென்று குனிந்தார். கயிற்றை இழுத்து லட்டுவையும் கூட்டிக்கொண்டு, குனிந்தபடியே ஓரமாக ஒதுங்கினார். தனக்குப் பின்னால் சுவர்மேல் ஏதோ பறவை வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"நான் ஹட்டிட்டேன் சாப்" என்றார். "நீங்க எடுங்க."

கேமரா சத்தம் கேட்டது. இவர் விரல் தானாக அழுத்திவிட்டது. அந்தப் படத்தை அழிக்கவில்லை, கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறது. இடிந்த சுவர் இருக்கிறது, சாக்குத்துணி இருக்கிறது, தூண் இருக்கிறது. தேதி இருக்கிறது. இந்தத் தடவை இடத்தின் குறிப்பைக்கூட இவர் அழிக்கவில்லை. நூர் பாய்தான் இல்லை.